இரண்டாம் பக்கத்து அக்கா

1

"பாப்பா, எனக்கு அக்கா இருக்காங்களா?"

ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகும் நேரத்தில், ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்னிடம் இப்படிக் கேட்டார். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். தனக்கு அக்கா இருக்கிறாரா இல்லையா என்பதை அவர் ஊரில் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். என்னிடம் வந்து ஏன் கேட்டார் என்பதுதான் இந்தக் கதை.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

அவர் முன்பக்கம் திரும்பி, "தங்கச்சி! இருக்காங்களாம்!" என்று கத்தினார்.

முன்பக்கத்தில் இருந்தது என் சித்தி. கடை அவருடையது. தங்கள் வருமான வரிக் கணக்கைத் தாங்களே நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கும் கடை. ஆக, கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு வரிப் படிவத்தில். பெரிய எழுத்தாளர்களுக்குக் கனவில் வருமாம், காட்டில் வருமாம். எனக்குப் பிரிண்டரில் வந்தது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு மாலையில், தளர்ந்த நடையுடன் அந்த மனிதர்—"

அன்று நல்ல வெயில். அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். சோகக் கதை என்றால் மழை பெய்யவேண்டும் என்று யாரோ என் தலைக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். இது சோகக் கதையும் இல்லை.

"உண்மை என்பது யாதெனில், அது—"

பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது. நான் பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். படிப்பு வராமல் நிற்கவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள், அது வரவில்லை. உட்கார்ந்தபடி எழுதச் சொல்லியிருந்தால் இன்றுவரை அங்கேயே இருந்திருப்பேன்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள். அவர் கேட்ட கேள்வி. அதை நான் மாற்றவில்லை. ஒரு எழுத்துக்கூட.

(மாற்றினேன். அவர் 'பாப்பா' என்று சொல்லவில்லை, 'ஏ பாப்பா' என்றார். 'ஏ' வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பத்தொன்பது வயது.)

3

கடையைச் சொல்லவேண்டும்.

ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, மறுபக்கம் பூட்டு ரிப்பேர். நடுவில் நாங்கள். முன்னறையில் ஒரு கவுண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, காலெண்டர். பின்னறையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஃபைல் அடுக்கிய இரும்பு பீரோ, நான். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்பு. தடுப்பில் தபால் பெட்டியின் வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. எனக்காகவே சித்தி ஆசாரியை வரவழைத்து வெட்டியது. "இவ வெளிய வர மாட்டா, பேப்பராவது உள்ள போகட்டும்" என்று அவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

வேலை இப்படி நடக்கும். வருகிறவரிடம் சித்தி கேள்வி கேட்டு, மூன்று பக்கக் குறிப்புத் தாளில் பேனாவால் எழுதுவார். முதல் பக்கம்: யார், என்ன வேலை, எவ்வளவு வருமானம். இரண்டாம் பக்கம்: அவரைச் சார்ந்து வாழ்கிறவர்கள். மூன்றாம் பக்கம்: கையெழுத்து. தாள்களை ஓட்டை வழியாகத் தள்ளி, தடுப்பை இரண்டு தட்டு தட்டுவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரி அலுவலகத்துக்கு அனுப்புவேன். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வரும். தாள்களை ஃபைலில் போடுவேன். ஆட்களை நான் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி.

பிரிண்டரில் மை குறைந்தால் குறிப்புத் தாள்கள் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்து வரும். சித்தி அவற்றைக் கூடையில் போடுவார். கூடையில் விழுந்த இரண்டாம் பக்கங்களை மட்டும் நான் பொறுக்கி எடுத்துக்கொள்வேன்.

எதற்கென்றால், கதை எழுத.

மற்றவர்கள் பாத்திரங்களை எப்படி உண்டாக்குகிறார்களோ தெரியாது. மூக்கு, நடை, கண்ணின் நிறம் என்று தொடங்குவார்களாக இருக்கும். எனக்கு இரண்டாம் பக்கம் போதும். பெயர், உறவு, பிறந்த வருடம், எதனால் சார்ந்திருக்கிறார், பிற குறிப்புகள். ஒரு மனிதரை நம்பி வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், அவர் படிக்கட்டில் எப்படி ஏறுவார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.*

* அப்படிப் பிறந்தவர்கள் பதினொரு நோட்டுகளில் இருக்கிறார்கள். நோட்டுகள் பிரிண்டர் மை அட்டைப்பெட்டிக்குள், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில். அந்த வியாழக்கிழமை வரை அது ரகசியம்.

அந்த லிஃப்ட் மெக்கானிக் நான்கு வருடமாக எங்களிடம்தான் வருகிறார். வாயில் ஒரு நிமிடம் ஜோக் நிற்காது. இந்த வருடமும் சித்தி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உங்கள நம்பி யாராவது இருக்காங்களாண்ணா?"

"லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க தங்கச்சி. கதவு திறக்கற வரைக்கும் என்னைத்தான் நம்புவாங்க. திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காம ஓடிடுவாங்க."

சித்தி சிரித்தார். பிறகு பேனா சத்தம் கேட்டது. கட்டத்தில் எழுதினால் எலி கொறிப்பது மாதிரி கேட்கும். யாருமில்லை என்று பக்கம் முழுக்கக் குறுக்குக் கோடு போட்டால் துணி கிழிவது மாதிரி கேட்கும். கேட்டது துணி கிழிகிற சத்தம்.

அன்று சாயங்காலமே, கூடையில் பொறுக்கிய ஒரு இரண்டாம் பக்கத்தில், அவருக்கு ஒரு அக்காவை எழுதினேன்.

4

அந்த அம்மாளைப் பற்றி: தம்பியைவிட நாலு வருடம் மூத்தவர். முட்டி வலி. தம்பி பழுதுபார்த்த எந்த லிஃப்ட்டிலும் ஏற மாட்டார். யாராவது அவனைப் பாராட்டினால் "அவனா?" என்பார். பெயரும் வைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார். பேசாதவள் எழுதினால் அப்படித்தான் ஆகும்போல. வெட்டிப் பார்த்தேன். வெட்ட வெட்டப் பேசினார். விட்டுவிட்டேன்.)

கணக்கு அனுப்பக் கடைசி நாள். பத்தொன்பது பேருடைய தாள்கள் மேஜையில். பிரிண்டர் தாளைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் சித்தி தட்டிக்கொண்டே இருக்கிறார். மெக்கானிக்கின் முதல் பக்கத்தை ஏற்றினேன். அடுத்து இரண்டாம் பக்கம். அதில் அக்கா இருந்தார். ஏற்றினேன். மூன்றாம் பக்கம். அனுப்பினேன்.

நான் எழுதிய தாளை அவர் தாள்களோடேயே விட்டிருந்தேன்; குறுக்குக் கோடு போட்ட நிஜமான இரண்டாம் பக்கம் அதற்கு அடியில் கிடந்தது.

எப்படிக் கவனிக்காமல் போனாய் என்று கேட்பீர்கள். எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. மூன்று வாரமாக அவரை எனக்கு அக்காவோடுதான் தெரியும். கோடு வந்திருந்தால்தான் திடுக்கிட்டிருப்பேன்.

இப்படியாக, இல்லாத ஒரு பெண் அரசாங்கக் கணக்கில் குடியேறினார். அவர் பெயரால் மெக்கானிக்குக் கொஞ்சம் வரிச்சலுகை கிடைத்தது. கட்டியதில் ஒரு பகுதி திரும்ப வந்தது. நான்கு மாதம் கழித்து அவர் கடிதத்தோடு வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரி—

5

இல்லை. மேலே பாதியில் நிற்கிற வாக்கியம் பொய்.

சித்தி எனக்கு முதல் வருடமே சொன்னது: அனுப்பிய கணக்கை யாரும் கிழித்துப் போட முடியாது. அது அங்கேயே இருக்கும். பக்கத்தில் ஒரு திருத்தப் படிவம்தான் வைக்க முடியும். அதில் மூன்று பத்தி: முதலில் சொன்னது, மாற்றம், சரியானது. கீழே ஒரு பெரிய கட்டம்: திருத்தத்துக்கான காரணம்.

அதே மாதிரி செய்கிறேன். மேலே உள்ளது மேலேயே இருக்கட்டும்.

முதலில் சொன்னது: அவர் கடிதத்தோடு வந்தபோதுதான் தெரியும்.

மாற்றம்: நான்கு மாதம் கழிக்கவும்.

சரியானது: அனுப்பிய மூன்றாம் நாளே தெரியும். ஃபைலில் போடும்போது இரண்டு இரண்டாம் பக்கம் இருப்பதைப் பார்த்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்து ஸ்டேப்ளர் அடித்து பீரோவில் வைத்துவிட்டேன்.

காரணம்: (இந்தக் கட்டத்தை இப்போது காலியாக விடுகிறேன். கொஞ்ச நேரத்தில் இதே கேள்வியைச் சித்தி என்னிடம் கேட்கப் போகிறார். அங்கே ஒருமுறை சொன்னால் போதும்.)

6

வியாழக்கிழமைக்குத் திரும்புவோம். நான் தலையாட்டிவிட்டேன், அவர் கத்திவிட்டார், சித்தி முன்னறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். பின்னறையில் மூன்று பேர் நிற்க இடமில்லை. மெக்கானிக் தன் கருவிப் பெட்டியைத் தரையில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தார்.

சித்தி கடிதத்தை வாங்கிப் படித்தார். உங்களைச் சார்ந்து வாழும் மூத்த சகோதரிக்கான வரிச்சலுகை வழங்கப்பட்டுள்ளது. விவரத்தில் பிழை இருந்தால் இம்மாத இறுதிக்குள் திருத்தப் படிவம் அனுப்பவும்.

"இத்தனை வருஷமா சொல்லவேயில்லையேண்ணா, அக்கா இருக்காங்கன்னு?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் தங்கச்சி. பாப்பாவைக் கேளுங்க."

சித்தி என்னைப் பார்த்தார். நான் ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.

"பணம் கூடுதலா வந்தப்பவே யோசிச்சேன்" என்றார் அவர். "சரி, ஆபீஸ்ல யாருக்கோ நம்ம மேல பிரியம்னு நினைச்சுக்கிட்டேன். கடைவாய்ப் பல்லு ரெண்டு கட்டிட்டேன். பாருங்க." வாயைத் திறந்து காட்டினார். "திருத்தம் போட்டா இதைத் திருப்பி எடுத்துக்குவாங்களா?"

"பல்லை எடுக்க மாட்டாங்க. பணத்தைத்தான் கேப்பாங்க. நாமளா போய் தப்புன்னு சொன்னா வாங்கினதைத் திருப்பிக் கட்டி, கூடக் கொஞ்சம் வட்டி, அதோட முடிஞ்சிடும். வட்டி என் பொறுப்பு, தப்பு எங்களுது. அவங்களா கண்டுபிடிச்சா உங்களுக்கு அபராதம், எனக்கு லைசன்ஸ் போயிடும்."

பேசிக்கொண்டே சித்தி பீரோவைத் திறந்து ஃபைலை எடுத்தார். இரண்டு இரண்டாம் பக்கத்தையும் பார்த்தார். ஒன்றில் அவர் போட்ட குறுக்குக் கோடு. இன்னொன்றில் என் கையெழுத்து, கட்டம் நிறைய, ஓரத்தில் வழிந்து, பின்பக்கமும்.

"இது என்னடி?"

ஸ்டேப்ளரில் ஊசி எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கேக்கறேன்ல? வாயில கொழுக்கட்டையா?"

சித்தி 'பிற குறிப்புகள்' கட்டத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். என் எழுத்தை இன்னொருவர் வாயில் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன். கை ஸ்டேப்ளரை விடவில்லை.

"'தம்பி வீட்டுக்குள் வந்ததும் அக்கா கேட்பார்: இன்னிக்கு எத்தனை பேரை மாட்டிவிட்ட? அவன் சொல்வான்: மாட்டிவிடலக்கா, எடுத்துவிட்டேன். அக்கா: மாட்டினாத்தானேடா எடுக்க முடியும்.' ஏய், என்னடி இதெல்லாம்?"

மெக்கானிக் தொடையில் தட்டிச் சிரித்தார். "படிங்க, படிங்க! இந்தம்மா என்னை ஏன் இப்படிப் போட்டு வாட்டுறாங்க? இன்னும் என்ன சொல்றாங்க?"

"'தம்பி சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டியதில் மூன்று சக்கரம் மிச்சம். அதிலிருந்து அவன் பழுதுபார்த்த எதையும் அக்கா நம்புவதில்லை.'"

"ரெண்டு சக்கரம்தான் மிச்சம்னு வைங்க. மூணுன்னா என் தொழிலுக்கே கேவலம்."

"'அக்கா பேசினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அடுத்த வீட்டார் சில சமயம் பதிலும் சொல்வார்கள்.'"

சித்தி சிரித்துவிட்டார். அந்த இடத்தில் மெக்கானிக் ஒரு ஜோக் அடித்திருக்கவேண்டும். அடிக்கவில்லை. கருவிப் பெட்டியின் பூட்டை ஒருமுறை திறந்து மூடினார்.

(அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.)

7

இந்தக் கதையில் யாருக்கு என்ன போகப் போகிறது என்று இதுவரை நான் தெளிவாகச் சொல்லவில்லை. மெக்கானிக்குக் கொஞ்சம் பணம் போகும்; அது போகவேண்டிய பணம். எனக்குப் போகப் போவது நோட்டுகள் இருக்கும் அந்த அட்டைப்பெட்டியின் ரகசியம். திருத்தப் படிவத்தில் காரணம் எழுதி, கணக்கை நிரப்பியவர் அதன் கீழே பெயரோடு கையெழுத்துப் போடவேண்டும். உண்மையான காரணத்தை எழுதினால் ரகசியம் அலுவலகம் வரைக்கும் போகும். எழுதாவிட்டால் ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று.

சித்தி திருத்தப் படிவத்தை அச்சடித்து மேஜையில் வைத்தார். இதைக் கம்ப்யூட்டரில் அனுப்ப முடியாது. கையால் எழுதித் தபாலில் போடவேண்டும். முதலில் சொன்னது: சார்ந்திருப்பவர் ஒருவர். மாற்றம்: ஒன்று கழிக்கவும். சரியானது: எவருமில்லை. அதெல்லாம் எழுதியாயிற்று. காரணம் மட்டும் பாக்கி.

"தட்டச்சுப் பிழைன்னு போடு. ரெண்டே வார்த்தை."

நான் பேனாவை எடுத்தேன். 'தட்ட' வரை எழுதினேன். நிறுத்தினேன்.

"தட்டச்சுப் பிழையில முட்டி வலியோட ஒரு ஆள் வர மாட்டாங்க சித்தி."

சொன்னது நான்தான். ஓட்டை வழியாகச் சீட்டு அனுப்பாமல், வாயால். சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அட, பேசுது!" என்றார் மெக்கானிக்.

"அப்ப கவனக்குறைவுன்னு போடு."

அதுவும் முழு உண்மையில்லை. முதல் இரண்டு நாளைக்கு வேண்டுமானால் கவனக்குறைவு. இன்னொரு தாள் எடுத்தேன். எழுதியது இதுதான்:

'கணக்கை நிரப்பிய நான், ஓய்வு நேரத்தில் எழுதும் கதை ஒன்றின் தாள் இந்தக் கணக்கில் கலந்துவிட்டது. அதில் வரும் சகோதரி என் கற்பனை. பிழை மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன். கணக்குக்கு உரியவருக்கும் கடை உரிமையாளருக்கும் இது தெரியாது. இப்படி ஒருவர் இல்லை.'

கடைசி வாக்கியம் எழுதத்தான் நேரமாயிற்று. மூன்றே வார்த்தை. நோட்டில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன். ஒருவரைக்கூட இல்லை என்று எழுதியதில்லை.

சித்தி படித்தார். "மூணாம் நாளே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ஏன்டி சொல்லல?"

"ஏத்துக்கிட்டாங்க சித்தி."

"யாரு?"

"ஆபீஸ்ல. நான் எழுதினதை. பச்சை எழுத்துல வந்துச்சு."

சித்தி என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படத் தயாராகித்தான் வந்தார்; எங்கேயோ வழி தவறிவிட்டது.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். "என் மை, என் பேப்பர், என் கரன்ட்டு. எத்தனை எழுதி வச்சிருக்க?"

"பதினொண்ணு."

"பதினோரு பக்கமா?"

"நோட்டு."

"அடிப்பாவி." நாற்காலியில் உட்கார்ந்தார். "அதுல நான் இருக்கேனா?" என்றார்.

நான் மறுபடி ஸ்டேப்ளரைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்தையும் ஒரே நாளில் நிரப்பவேண்டும் என்று சட்டமில்லை.

"சரி, கையெழுத்தைப் போடு. உன் பேரையே போடு. இதைப் படிச்சிட்டு லைசன்ஸைப் பிடுங்கினாங்கன்னா, நீ கதை எழுதி எனக்குச் சோறு போடு."

போட்டேன். முழுப் பெயர், தெளிவாக. இனி மெக்கானிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு, "வெளிய வெளிச்சத்துல படிச்சிட்டுப் போடறேன் தங்கச்சி" என்றார். சித்தி வழக்கம்போல இன்னொரு வெற்றுப் படிவத்தையும் கொடுத்தார். "ஒண்ணு உபரி. திருத்தறப்பவும் தப்பு பண்ணுவாங்க, நிறையப் பேரைப் பார்த்திருக்கேன்."

"அதையும் குடுங்க" என்று மெக்கானிக் என் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். "எதைத் திருத்தறேன்னு தெரிய வேண்டாமா?"

8

அவர் வெளியே போன நேரத்தில் முடிவுகளை யோசிக்கலாம். நான் நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்; டப்பாவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

முடிவு ஒன்று. திருத்தத்தை அலுவலகம் நிராகரிக்கிறது. 'எங்கள் பதிவின்படி தங்களுக்கு அக்கா உண்டு. அவரை இல்லை என்று நிரூபிக்கும் சான்றிதழை, அக்காவின் கையொப்பத்துடன் இணைக்கவும்.' இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதை வளர்த்தால் அக்காவை மறுபடி வரவழைக்கவேண்டும். இல்லை என்று இப்போதுதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு. ஒரு வரி அதிகாரி கடைக்கு வருகிறார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'அந்தக் கடிகாரத்தில் மிச்சமான சக்கரங்கள் என்னவாயின—'

வேண்டாம். அதிகாரிகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

முடிவு மூன்று. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி உள்ளே வருகிறார். அடுத்த கடைக்கும் கேட்கும் குரலில், 'எங்க என் தம்—'

இதை அரைப்பக்கம் எழுதிக் கிழித்தேன். அழ வைப்பதற்காக எழுதியது என்று எனக்கே தெரிந்தது.

9

நடந்ததைச் சொல்கிறேன்.

அரைமணி நேரம் கழித்து அவர் வந்தார். கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கவுண்டரில் வைக்கும் சத்தம் கேட்டது. சித்தி அதை உறையில் போட்டு ஒட்டுவதும் கேட்டது. பிறகு தடுப்பைச் சுற்றிக்கொண்டு அவரே பின்னறைக்கு வந்து, உபரிப் படிவத்தை என் கீ-போர்டின் மேல் வைத்தார். காலியாக இல்லை. பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், மூன்று பத்தியும் நிரம்பியிருந்தன.

முதலில் சொன்னது: நாலு வருடம் மூத்தவர். மாற்றம்: இரண்டு கழிக்கவும். சரியானது: இரண்டு வருடம் மூத்தவர்.

முதலில் சொன்னது: முட்டி வலி. மாற்றம்: முட்டி நன்றாக இருந்தது. சரியானது: இடது காது கேட்காது.

முதலில் சொன்னது: அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி பேசுவார். மாற்றம்: இல்லை. சரியானது: அதேதான்.

கீழே, திருத்தத்துக்கான காரணம்: ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு தடவை படித்தேன். 'நன்றாக இருந்தது' என்று எழுதியிருந்ததை மூன்றாவது தடவை.

இந்தக் காலிக் கட்டத்தை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வேலை கட்டம் நிரப்புவது. விளையாட்டுக்கு எழுதினார் என்று நிரப்பலாம்; ஒரு நிமிடம் ஜோக் நிற்காத மனிதர்தானே. எப்போதோ இருந்தார் என்று நிரப்பலாம். நான்கு வருடமாகச் சித்தி கேட்ட கேள்வி 'இருக்காங்களா' என்பதுதான், 'இருந்தாங்களா' என்று படிவத்தில் ஒரு கேள்வியே கிடையாது என்று நிரப்பலாம். மூன்றுமே நல்ல கதை. ஆனால் இந்த மனிதரின் ஒரு பக்கத்தை அவரைக் கேட்காமல் ஏற்கெனவே ஒருமுறை நிரப்பியிருக்கிறேன். அதைச் சரிசெய்யப் பதினொரு நோட்டும் வெளியே வரவேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கட்டம் காலியாக உங்களிடம் வருகிறது. நிரப்பத்தான் வேண்டும் என்றால் பென்சிலில் நிரப்புங்கள்.

எனக்கு வேறு வழி ஒன்று இருந்தது. அவரைக் கேட்கலாம். அவர் இன்னும் அங்கேயே, பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். நான்கு வருடத்தில் முதல் தடவை. புருவத்தில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"அவங்க—" என்றேன்.

அவர் சிரித்தார். புதிதாகக் கட்டிய இரண்டு பல்லும் தெரியும் அளவுக்கு நல்ல சிரிப்பு. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து கருவிப் பெட்டியைத் தூக்கினார். முன்னறையில் சித்தி, "அண்ணா, தபாலை நானே போட்டுடறேன்!" என்றார். கதவு திறந்தது, தெருச் சத்தம் கொஞ்சம் உள்ளே வந்தது, கதவு மூடியது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.